பெரம்பூரில் ஒரு நவம்பர், அம்மாவின் கட்டைவிரல்

மூன்று வருடம் கழித்து இந்த நவம்பரில் மெல்பர்னிலிருந்து கிளம்பிப் போய் சென்னையில் நாலு வாரம் இருந்துவிட்டு வந்தேன். ஊர் சுற்றப் போகவில்லை. அம்மாவுக்கு 76 வயது, பெரம்பூரில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறார். அப்பா ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அவர் போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. பேங்க், ஆதார், வீட்டு ரிப்பேர் என்று சேர்ந்துபோன வேலைகளை முடித்துக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். என்னைப் போல அம்மா அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் விஷயத்தில் இந்த முறை ஒரு குறையும் இல்லை. 2019 கோடையில் வந்திருந்தபோது புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்தன, தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டவுடன் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி ஓடியதைப் பார்த்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது, காலையில் மோட்டார் போட்டால் மேலே ஏறிவிடுகிறது. மருந்து, மளிகை, காய்கறி எல்லாம் வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரம்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு லோக்கல் ரயிலில் 5 ரூபாய்தான், அங்கிருந்து மெட்ரோ பிடித்தால் விமான நிலையம் வரை வியர்க்காமல் போகலாம். இதையெல்லாம் மனசாரப் பாராட்டுகிறேன்.

தெருவில் இறங்கினால்தான் கஷ்டம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை எங்கள் பக்கமும் நடக்கிறது, மாதவரத்திலிருந்து வரும் பாதை பெரம்பூர், அயனாவரம் வழியாகத்தான் போகிறது. வேலை முடிந்தால் எங்கள் வட சென்னைக்குப் பெரிய வரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இன்றைக்கு ரோட்டில் பாதி தகரத் தடுப்புக்குள் இருக்கிறது, மீதிப் பாதியில் பஸ், ஆட்டோ, தண்ணீர் லாரி, எதிர்ப்பக்கமாக வரும் பைக் எல்லாம் போக வேண்டும். வடகிழக்குப் பருவமழை வேறு. மழை பெய்து சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போவது வெளியூர் போவது மாதிரி ஆகிவிடுகிறது. நடைபாதை என்று இருந்த இடத்தில் டிரான்ஸ்ஃபார்மரும் நிறுத்திய வண்டிகளும்தான். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார், பைக் ஒன்று உரசுகிற மாதிரி போகும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகும், வீட்டுக்கு வந்து பார்த்தால் கையில் விரல் தடம் சிவந்திருந்தது. நான் இல்லாத நாட்களில் இவர் எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று கேட்டேன். "அதான் வெளியே போறதே இல்லையே" என்றார்.

ஆட்டோ பற்றியும் சொல்ல வேண்டும். 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. பெட்ரோலும் கேஸும் அப்புறம் எவ்வளவு ஏறிவிட்டன. மீட்டர் போடவில்லை என்று டிரைவர்களோடு சண்டை போட எனக்கு மனசு வரவில்லை. செயலியில் புக் செய்தால் டிரைவர் போன் பண்ணி எங்கே போகணும், கேஷா ஆன்லைனா என்று கேட்பார், ஆன்லைன் என்றால் ரத்தாகிவிடும். வயதானவர்கள் மழையில் நின்றுகொண்டு நான்காவது வண்டிக்குக் காத்திருப்பதை நினைத்தால்தான் வயிற்றெரிச்சல்.

அடுத்தது என் போன் நம்பர். மூன்று வருடமாக ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் என் பழைய இந்திய நம்பர் போய்விட்டது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் நம்பரை முடக்கலாம், பிறகு அது வேறு ஒருவருக்குப் போய்விடும். என் பேங்க் கணக்கு அந்த நம்பரில், ஓடிபி அந்த நம்பருக்கு. பூக்காரம்மா முதல் சாவி ரிப்பேர்காரர் வரை எல்லோரும் கியூஆர் அட்டையை நீட்டி "ஸ்கேன் பண்ணிடுங்கக்கா" என்கிறார்கள், நான் 500 ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை இல்லை. பேங்கில் நம்பர் மாற்ற மூன்று நாள் அலைந்தேன். முதல் நாள் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் மட்டும் கொண்டுபோனேன், விசா ஜெராக்ஸும் வேண்டும் என்றார்கள். இரண்டாம் நாள் சிஸ்டம் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் எல்லாம் சரியாக இருந்தது, கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, மறுபடி போட்டுக் கொடுத்தேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள்: இந்திய நம்பரை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், அமீரகம், கனடா உட்பட 10 நாடுகளின் நம்பரோடு வெளிநாட்டில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கில் யுபிஐ வைத்துக்கொள்ள 2023 ஜனவரியில் அனுமதி வந்துவிட்டது. ஆனால் அந்த நம்பர் பேங்கில் பதிவாகியிருக்க வேண்டும், அதை வெளிநாட்டில் இருக்கும்போதே கேட்டு முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

அம்மாவின் வாழ்நாள் சான்றிதழ் வேலைக்கு நாங்கள் போன நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும், 80 வயது ஆனவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். மழை விட்டிருந்த ஒரு காலையில் அதைப் பதியும் இடத்துக்கு ஆட்டோ பிடித்துப் போனோம். எங்களுக்கு முன்னால் முப்பது நாற்பது பேர், எல்லோரும் அம்மா வயது, உட்கார இரண்டு பெஞ்ச். ஒன்றரை மணி நேரம் கழித்து அம்மாவின் முறை வந்தது. கைரேகை மெஷினில் கட்டைவிரலை வைத்தார், ரேகை விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார், விழவில்லை. அங்கே இருந்த பையன் பொறுமையானவன்தான், "பாட்டி, விரலைத் தலையில தேய்ச்சிட்டு வைங்க" என்றான், தலையில் இருக்கும் எண்ணெய்ப் பசையில் சில சமயம் விழுமாம். அம்மா வகிட்டோரம் தேய்த்துவிட்டு வைத்தார். பத்து விரலையும் பார்த்தாயிற்று. ஐம்பது வருடம் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, அரிசி களைந்த விரல், ரேகை எங்கே இருக்கும்? நாளைக்கு வாங்க என்றார்கள். "போன வருஷமும் மூணு தடவை வந்தேன் தம்பி" என்று அம்மா சொன்னார், தப்பு தன்னுடையது என்பது போல மெதுவாக.

திரும்பும்போதுதான் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தேன். விரலே தேவையில்லை, முகத்தைக் காட்டினால் போதும், வீட்டிலிருந்தே போனில் செய்யலாம் என்று இருந்தது. இந்தியிலும் ஆங்கிலத்திலும். அம்மா நன்றாகத் தமிழ் படிப்பார், பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். முக அடையாள வசதி 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. அத்தனை நவம்பரும் இவர் இதே வரிசையில் நின்று, இதே சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார், கவுன்டரில் ஒருவர்கூட வாய்திறந்து சொல்லவில்லை. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது, கோபமும் வந்தது. வசதியைக் கொண்டுவந்தவர்களை நான் குறை சொல்லவில்லை, நல்ல வசதி. அதைத் தமிழில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? வரிசையில் நிற்பவர்களிடம் ஒரு தடவை சத்தமாகச் சொன்னால் அன்றைக்கே பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்களே.

அன்று சாயங்காலமே வாழ்நாள் சான்றிதழுக்கான ஜீவன் பிரமாண் செயலியையும், ஆதார் முக அடையாளத்துக்கான செயலியையும் என் போனில் இறக்கிக்கொண்டேன். முதலில் போனை இயக்குபவர் தன் ஆதாரைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், ஓடிபி வரும், அதற்கு என் புது சிம் உதவியது. அப்புறம் அம்மாவின் ஆதார் எண், பென்ஷன் ஆர்டரில் இருக்கும் பிபிஓ எண், கணக்கு எண். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் அம்மாவை உட்காரவைத்தேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினார். முடிந்தது. உள்ளே வெந்நீர் வைத்திருந்தோம், அது கொதிக்கக்கூட இல்லை. சான்றிதழுக்கு வந்த எண்ணைத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் அம்மா தன் கையால் எழுதி, பீரோவில் பென்ஷன் ஃபைலுக்குள் வைத்தார்.

விஷயம் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் மூன்று பேர் ஃபைலோடு வந்தார்கள், எல்லாம் ரயில்வே குடும்பங்கள். இரண்டு பேருக்கு உடனே முடிந்தது. மூன்றாவது மாடித் தாத்தாவுக்கு மட்டும் முகம் ஒத்துப்போகவில்லை. ரயில்வே லோகோ பணிமனையில் வேலை பார்த்தவர், ஆதார் போட்டோ எடுத்து வருடக்கணக்கு ஆகிறது, ஆபரேஷனுக்குப் பிறகு பாதியாக இளைத்துவிட்டார். அவருக்கு என்ன செய்வது என்று விசாரித்தபோதுதான் தபால்காரரே மெஷினோடு வீட்டுக்கு வந்து செய்து கொடுப்பார், 70 ரூபாய்தான் என்று தெரிந்தது. இதையும் யாரும் சொல்லவில்லை.

எங்கள் தெரு தபால்காரரிடம் சொன்னோம், அடுத்த நாள் மதியம் மழைக்கோட்டோடு மூன்று மாடி ஏறி வந்தார். தாத்தாவின் கை நடுங்கியது, தபால்காரர் தரையில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைத் தன் முழங்கால் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். இடதுகை மோதிர விரலில் விழுந்தது.

"அடுத்த வருஷமும் நீயே வருவியாப்பா?" என்று தாத்தா கேட்டார்.

"ஏரியா மாத்தாம இருந்தா வரேன்யா" என்று சொல்லிவிட்டு, எந்த விரல் என்று தன் நோட்டில் குறித்துக்கொண்டு கீழே இறங்கினார்.