கார் வாங்காமல் சுவாவில் குடித்தனம்

கணவரின் வேலைக்காக ஃபிஜிக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. இன்னும் கார் வாங்கவில்லை. பஸ்ஸை மட்டும் நம்பி இரண்டு பேர் இங்கே காலம் தள்ள முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் மழையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விளம்பரப் படங்களில் வரும் வெண்மணல் கடற்கரைகள் பெரும்பாலும் ஃபிஜியின் பெரிய தீவான விடி லெவுவின் மேற்கிலும் சிறு தீவுகளிலும் இருக்கின்றன. தலைநகர் சுவா இருப்பது கிழக்கே. வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. கரையோரம் சேறும் அலையாத்தி மரங்களும்தான். தோல் செருப்பு, பெல்ட், பட்டுப் புடவை எதையும் மூடி வைக்கக் கூடாது, பூஞ்சணம் பிடித்துவிடும். எங்கள் முதல் வாடகை வீட்டில் சுவரே கறுத்துப்போனது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "மழைக்காலம்தானே" என்பார். எந்த மாதம் சொன்னாலும் அதே பதில்தான்!

உள்ளூர் பஸ்கள் பலவற்றில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் சுருட்டி வைத்திருக்கும் தார்ப்பாயை இறக்கிவிட வேண்டியதுதான். உள்ளே புழுக்கம், கூடவே காதைப் பிளக்கும் பாட்டு. 2017இல் பஸ் கார்டு வந்தது. நாங்கள் ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறோம்.

சனிக்கிழமை காலை சந்தைக்குப் போவது எங்கள் வழக்கம். சுவா நகராட்சிச் சந்தையில் பெரும்பாலும் எடை போடுவதில்லை, கூறு கட்டி வைத்திருப்பார்கள். சேப்பங்கிழங்கை இங்கே தாலோ என்பார்கள். அது, அதன் கீரை, மரவள்ளி, வெண்டை, கத்தரி எல்லாம் கீழே கிடைக்கும். மாடியில் மசாலாவும் யங்கோனா வேரும். கணவருக்கு அந்த வேரை இடித்துக் கரைத்த கவா பிடிக்கும். எனக்கு மண் கரைத்த தண்ணீர் குடித்த மாதிரி இருக்கிறது, நாக்கு வேறு மரத்துப்போகிறது. பச்சை மீனைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்த கொகொண்டா என்றால் நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன்.

மழை விட்ட மாலைகளில் நசேசே கடல் சுவரோரம் நடப்போம். காசு செலவில்லாத பொழுதுபோக்கு. நாளெல்லாம் தூறினால் தர்ஸ்டன் தோட்டத்துக்குள் இருக்கும் ஃபிஜி அருங்காட்சியகம் இருக்கவே இருக்கிறது. 1789இல் மாலுமிகள் கலகம் செய்த ஆங்கிலேயக் கப்பலான பவுண்டியின் சுக்கான் அங்கே இருக்கிறது. தொலோ-இ-சுவா காட்டுக்கும் டவுன் பஸ்ஸே போகும். மகாகனி மரங்களுக்கு நடுவே ஓடையில் குளிக்கலாம். கயிற்றில் தொங்கித் தண்ணீரில் குதிக்கும் பையன்களோடு இவரும் வரிசையில் நிற்பார். பாதை வழுக்கும், ரப்பர் செருப்போடு போகாதீர்கள்.

தீவின் மேற்கே இருக்கும் நாந்தி ஊருக்கு எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே ஸ்ரீ சிவ சுப்ரமணியர் கோயில் இருக்கிறது. 1903 முதல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் வம்சாவளியினர் வளர்த்த கோயில். கோபுரத்தைப் பார்த்ததும் வாயில் தமிழ்தான் வரும். பதில் பெரும்பாலும் ஃபிஜி இந்தியில் வரும். எனக்கு அந்த ஒரு பயணத்துக்காகவே இந்த ஊர் பிடித்துப்போனது.

ஒரே தொல்லை ஞாயிற்றுக்கிழமைதான். பஸ் குறைவு, பாதிக் கடைகள் திறப்பதில்லை. அதனால் கார்டுக்குப் பணம் போடுவதையும் மளிகை வாங்குவதையும் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள்.