மேக்ரோ லென்ஸ் வாங்கப் போறவங்க கவனிங்க, எனக்க 14,500 ரூவா போச்சு

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பழைய லென்ஸ் தேடிட்டு இருக்குற ஆளுங்க இத வாசிச்சிட்டுப் போங்க. மேக்ரோன்னா பூச்சி மாதிரி சின்னப் பொருள கிட்ட போயி பெருசா எடுக்குற லென்ஸ். கடை பேரு போடல, போட்டா அது வேற வம்பு. கேமரா வாடகைக்கும் விட்டு, பழைய கேமரா பாடி, லென்ஸ் எல்லாம் வாங்கி விக்குற ஒரு கடை, அவ்வளவுதான் சொல்லுவேன். 14,500 ரூவா, நெனச்சாலே வயிறு எரியுது.

எனக்கு எடுக்க வேண்டியது தும்பியும் குதிக்கிற சிலந்தியும். பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்து ஓரம், கால்வாய்க் கரை, மழை விட்ட ஒடனே போனா அவ்வளவு பூச்சி இருக்கும். இத கடைக்காரன்கிட்ட மொதல்லயே சொல்லிட்டுதான் கேட்டேன், "பூச்சி பறந்து போகாம எவ்வளவு தள்ளி நின்னு எடுக்கலாம்?" இது ஒண்ணுதான் எனக்க கேள்வி. அவன் உள்ள போயி நிக்கான் கம்பெனியோட 40 எம்எம் மேக்ரோ லென்ஸ் ஒண்ண எடுத்துட்டு வந்தான், போன்ல ஸ்பெக்கத் தொறந்து 16.3 சென்டிமீட்டர்னு காட்டி "பாருங்க அண்ணே, கிட்டத்தட்ட ஒரு சாண் தூரம், பூச்சிக்கு நீங்க நிக்குறதே தெரியாது"ன்னான். டீ வந்துச்சு. ஒரு ஐநூறு ரூவா நோட்ட மேசைல விரிச்சு வச்சு எனக்க கேமராலயே லென்ஸ மாட்டி எடுத்துக் காட்டுனான், காந்தி கண்ணாடி பிரேம் அப்பிடியே கூர்மையா நிக்குது. "நம்ம ஊருக்காரரு நீங்க, ஒங்கள ஏமாத்திட்டு நான் எங்க போவேன், சரிப்பட்டு வரலன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டு வாங்க, மாத்தித் தாறேன்"னான். அங்கேயே ஜிபே போட்டேன். நோட்டு பறந்து போகாதுல்ல, அதான் அவனுக்கு வசதி.

மறுநாள் காலைல கால்வாய்க் கரைக்குப் போனா ஒரு தும்பி கூட நிக்கல. முழு சைஸுக்கு, அதான் பூச்சி அதுக்க நெச சைஸ்லயே கேமரா சென்சார்ல விழுற 1:1க்கு போகப் போக லென்ஸ் மூக்கு பூச்சிய முட்டுது. லென்ஸ் நெழலே தும்பி மேல விழுது, அது எப்பிடி நிக்கும்? பிளாஷப் போட்டா பாதிப் படம் கறுப்பு, வெளிச்சத்த லென்ஸே மறிச்சிட்டு நிக்குது. குதிக்கிற சிலந்தி ஒண்ணு எலை மேலருந்து தாவி லென்ஸ் கண்ணாடிலயே வந்து ஒக்காந்துச்சு, அவ்வளவு கிட்ட. வீட்டுக்கு வந்து ஸ்கேல் வச்சு அளந்தா முன் கண்ணாடிக்கும் பொருளுக்கும் நடுவுல மூணர சென்டிமீட்டர்! ரெண்டு வெரல் அகலம்!

வெவரம் என்னன்னா அந்த 16.3ங்குறது லென்ஸ் முனைலருந்து இல்ல, கேமராக்கு உள்ள படம் பதியுற சென்சார்லருந்து. கேமரா மேல்பக்கம் ஒரு வட்டத்துக்கு குறுக்க கோடு போட்ட அடையாளம் இருக்கும் பாருங்க, அளவு அங்கருந்துதான். அதுலருந்து மவுண்ட், அதான் லென்ஸ் மாட்டுற வாய் வரைக்குமே 4.65 சென்டிமீட்டர் போச்சு, லென்ஸ் நீளம் ஆறு சென்டிமீட்டருக்கு மேல, கிட்ட போக்கஸ் பண்ணும்போது அது இன்னும் முன்னால நீளும், மிச்சம் இருக்குறதுதான் நமக்கு. இதுக்குத்தான் வொர்க்கிங் டிஸ்டன்ஸ்னு பேரு, ஸ்பெக்ல பெருசா போட்டிருக்குறது இது இல்ல. லென்ஸ் மேல குத்தம் சொல்லல, நாணயம், நகை, ஸ்டாம்ப் எடுக்குறவனுக்கு அது நல்ல லென்ஸ்தான். பூச்சிக்குன்னு சொல்லிக் கேட்டவன் கைல அத திணிச்சதுதான் அயோக்கியத்தனம். இதே 1:1, நிக்கான் 105 எம்எம் விஆர் மேக்ரோ லென்ஸ்ல எடுத்தா முன்னால ஏறக்கொறைய 15 சென்டிமீட்டர் இருக்கும், கேனான் 100 எம்எம் எல் மேக்ரோ லென்ஸ்ல 13 கிட்ட. படத்துல பூச்சி சைஸ் ஒண்ணுதான், நாம நிக்குற எடம்தான் மாறும். தெனம் லென்ஸ் விக்குறவனுக்கு இது தெரியாதா?

திரும்பக் கொண்டு போனேன். மொதல் தடவ அந்தக் கடைக்காரன் இல்ல. அடுத்து போனப்ப "பறக்குறத எடுக்குறதுக்கு கை பழகணும் சார்"னான், அண்ணன் போயி சார் ஆயாச்சு கேட்டியளா! மாத்தித் தாறேன்னு சொன்னியேன்னு கேட்டா "லென்ஸ் ரிப்பேர்னாதான் மாத்துவோம், அப்பிடித்தான் சொன்னேன்"னு சாதிக்கான். கொஞ்சம் சத்தம் போட்டதும் "வேணும்னா 8,000க்கு நான் எடுத்துக்கிடுதேன்"ங்கான். அன்னைக்கு 14,500க்கு வித்த பொருளு அதுக்குள்ள 8,000 ஆகுமா டே? இப்ப வாட்ஸ்அப்ல நீல டிக் விழுது, பதில் இல்ல, போன் எடுக்கவும் மாட்டேங்கான்.

வாங்கும்போது என்னெல்லாம் பாக்கணும்னு விரிவா எழுதலாம்னுதான் ஒக்காந்தேன், இப்ப இருக்குற கோவத்துக்கு இவ்வளவுதான் வருது. கடைல நோட்ட வச்சு டெஸ்ட் பண்ணுனா லென்ஸ 1:1ல வச்சு முனைலருந்து ஸ்கேல் புடிங்க. ஹூட், அதான் லென்ஸ் முனைல மாட்டுற வெளிச்ச மறைப்பு, அத மாட்டுனா அந்த நீளமும் கழியும். பூச்சிக்குன்னா 90, 100 எம்எம்க்கு கொறஞ்சு பாக்காதீங்க. வாயால சொல்லுற ரிட்டர்ன பில்லுல எழுதி வாங்குங்க, எனக்க பில்லுல "லென்ஸ் 1"ன்னு மட்டும்தான் கெடக்கு, மாடல் பேரு கூட இல்ல.

1915ங்குற நுகர்வோர் உதவி நம்பர்ல கூப்பிட்டு புகார் குடுக்கப் போறேன், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அவன் அனுப்புன வாய்ஸ் மெசேஜும் பத்திரமா இருக்கு. அதுலயும் மசியலன்னா நாகர்கோவில் நுகர்வோர் கோர்ட்டுதான், வக்கீல் இல்லாமலே போடலாம். அங்க கேஸ் போட்ட ஆளு யாராவது இருந்தா என்னென்ன பேப்பர் கொண்டு போனீங்கன்னு கீழ சொல்லுங்க, எனக்கு அந்த 14,500 முழுசா திரும்ப வரணும்.