ஒரு சாண் நீளத் திரித் துவக்கு

கொழும்பிலிருந்து பார்சலில் எடுத்த ஜப்பானியத் திரித் துவக்கின் (எரியும் திரியால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பழைய துவக்கு) சிறு மாதிரி, போன கிழமை கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தது. நான் தச்சன், முதலில் மரத்தைத்தான் தடவிப் பார்த்தேன். அசலை இறுகிய ஓக்கில் செய்தார்கள். இது ஏதோ மெல்லிய மரம், சாயம் விரலில் ஒட்டுகிறது. எங்கள் முதிரையில் இழைத்திருந்தால் எவ்வளவு வடிவாக இருந்திருக்கும்!

ஆனால் பொறி அருமை. பித்தளை வில் வெளியிலேயே தெரிகிறது. விசையை இழுத்தால் திரி பிடிக்கும் கொக்கி படக்கென்று முன்னால் விழுகிறது. வெடிமருந்துக் கிண்ணத்துக்குத் தனி மூடிகூட உண்டு. கட்டை தோளுக்கு எட்டாது, கன்னத்தில் அணைத்துத்தான் குறிபார்ப்பார்கள். 1543இல் ஜப்பானின் தனேகஷிமா தீவில் இறங்கிய போர்த்துக்கேயரிடம் வாங்கியதைப் பார்த்துச் செய்யத் தொடங்கியவர்கள், அப்புறம் குதிரைவீரனுக்குக் குட்டையான பஜோசுட்சு, பருத்த குழலோடு ஓசுட்சு என்று வகை வகையாகச் செய்தார்கள். என்னுடையது காலாள் வகை.

திரிதான் குறை: நைலோன் போட்டிருந்தார்கள். பருத்தி நூலை முறுக்கி நானே மாற்றினேன். விளக்கத்தாளும் இல்லை, கடைக்கு எழுதினேன், பதில் இல்லை.

“வீட்டுக்குள்ள துவக்கு வேண்டாம் தம்பி” என்று அம்மா சொல்லிவிட்டா. சரி, பட்டறையிலேயே வைத்திருக்கிறேன்.