குளிசையா, கதிரையா? வயது போன பெண்களின் கால் பலம்

"இருந்தால் எழும்பேலாமல் கிடக்கு." வன்னியில் எழுபது தாண்டிய அம்மாமார் அடிக்கடி சொல்வது இது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் உடனே விற்றமின் டி போத்தல் அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் போத்தல் காலுக்குப் பலம் தருமா?

விற்றமின் டி மெய்யாகவே குறைந்த உடம்பில் எலும்பு நோகும், தொடைச் சதை சோரும், நடை தள்ளாடும். அவர்களுக்குக் குளிசை கட்டாயம் வேண்டும். ஏற்கெனவே போதியளவு உள்ளவர்கள் மேலும் விழுங்கினால் பலம் ஏறாது. எழுபதுக்கு மேல் நாளொன்றுக்கு 800 அலகு (IU) போதும். 4000 உச்ச எல்லை. ஒரேயடியாகப் பெரிய அளவு எடுப்பது இன்னும் மோசம். அவுஸ்திரேலியாவில் எழுபது கடந்த பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை 5 இலட்சம் அலகு கொடுத்துப் பார்த்தார்கள். குளிசை எடுத்தவர்கள்தான் கூடுதலாக விழுந்தார்கள், எலும்பும் கூடுதலாக முறிந்தது. 2010இல் வெளியான முடிவு இது. வைத்தியர் எழுதித் தராத பெரிய டோஸைத் தொடவே வேண்டாம்.

வெயிலுக்கு வன்னியில் பஞ்சமில்லை. ஆனால் முழங்கால் நோவென்று உள்ளுக்கே இருக்கும் அம்மாவுக்கு அது கிடைப்பதில்லை. காலை இளவெயிலும் இதற்குப் பெரிதாக உதவாது. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் தோலில் வேலை செய்யும். வயது போன தோலுக்கு அந்தத் திறனும் குறைவு. சாளை, சூடை, முட்டை மஞ்சட்கரு சாப்பிட்டால் கொஞ்சம் சேரும். மீனிலும் முட்டையிலும் புரதமும் இருப்பதால் சதைக்கு இரட்டை நன்மை.

என் தெரிவு கதிரைதான், அதாவது கதிரையிலிருந்து எழும்பி இருக்கும் பயிற்சி. 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதியோர் இல்லத்திலிருந்த 100 பேரைச் (சராசரி வயது 87) சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்குப் பத்துக் கிழமை பாரத்தோடு கால் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி செய்தவர்களின் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எண்பத்தேழு வயதிலும் சதை வளரும் என்பதை எங்கள் அம்மாமாருக்கு யாராவது உரத்துச் சொல்ல வேண்டும்.

பிளாஸ்டிக் கதிரை சீமெந்து நிலத்தில் வழுக்கும், ஆகவே சுவரோடு ஒட்டி வையுங்கள். பாதத்தைச் சற்று உள்ளே இழுத்து, கையை மார்பில் குறுக்கே கட்டி, முன்னுக்குச் சாய்ந்து எழும்ப வேண்டும். இருக்கும்போது தொப்பென்று விழாமல் மெதுமெதுவாக இறங்க வேண்டும். தொடை அப்போதுதான் நன்றாக உழைக்கிறது. ஏலாவிட்டால் முதலில் கையூன்றலாம், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். பத்துத் தரம் இலகுவானதும் ஒரு கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு எழும்பலாம். கையூன்றாமல் ஐந்து தரம் எழும்பி இருக்க 15 செக்கனுக்கு மேல் போனால் கால் பலம் குறைவு என்று கொள்ளலாம்.

வீட்டோடே இருப்பவருக்கு 800 அலகுக் குளிசையும் கதிரையும் சேரட்டும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால், அந்த வருத்தம் உள்ளவர்கள் விற்றமின் டியோ கல்சியமோ தொடங்குமுன் கிளினிக்கில் கேட்டே ஆகவேண்டும்.