எருசலேம்ல "பைசண்டைன் கண்ணாடி" வாங்கப் போறவங்க இதப் படிச்சிட்டுப் போங்க

ஹோலி லேண்ட் டூர் போறவங்களுக்காக எழுதுறேன். பழைய எருசலேம் நகரத்துக்குள்ள எங்க கைடு நேரா ஒரு பழம்பொருள் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு (கமிஷன் இல்லாமயா). அங்க ஒரு கண்மை குப்பி காட்டினாங்க, ரெண்டு குழாய் ஒட்டிப் பிறந்த மாதிரி, மேல வளைஞ்ச கைப்பிடி, உடம்பெல்லாம் வானவில் மினுமினுப்பு, இடுக்கெல்லாம் மண்ணு. பைசண்டைன் காலம் (கி.பி. 4லருந்து 7ஆம் நூற்றாண்டு வரைக்கும்), போன வருஷம் ஒரு கல்லறை தோண்டினப்ப கிடைச்சதுன்னாங்க. அந்த மாதிரி குப்பி அந்தப் பக்கத்துக் கல்லறைகள்ல நிஜமாவே கிடைச்சிருக்கு, அதனால கதை கச்சிதமா பொருந்துச்சு. 180 டாலர், கூடவே சீல் குத்தின சர்டிபிகேட்.

வீட்டுக்கு வந்து மண்ணை நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால துடைச்சா மண்ணோட சேர்ந்து மினுமினுப்பும் வருது, பஞ்சு பூரா கலர், கீழ பளபளன்னு புது கண்ணாடி! நிஜமான பழைய கண்ணாடில அந்த மினுமினுப்பு மேல பூசினதே இல்லீங்க. நூத்துக்கணக்கான வருஷம் ஈர மண்ணுல கிடந்து கண்ணாடில இருக்கிற சோடா கரைஞ்சு போயி மேல்பரப்பு மெல்லிசு மெல்லிசா அடுக்காப் பிரியும், அதுல வெளிச்சம் பட்டுத்தான் அந்த நிறம். செதில் செதிலா உதிரும், உதிர்ந்த இடம் குழி விழுந்து சொரசொரன்னு இருக்கும், ரிமூவர்ல எல்லாம் கரையாது. (அசலை யாரும் இப்படித் துடைச்சிடாதீங்க, உள்ளதும் போயிடும்.)

இன்னொண்ணு, அங்க நடைமுறையில இருக்கிற 1978 சட்டப்படி அதுக்கப்புறம் தோண்டிக் கிடைச்ச பழம்பொருள் எல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம். அப்போ "போன வருஷம் தோண்டினது"ன்னா ஒண்ணு திருட்டு, இல்லன்னா புளுகு, மூணாவது வழியே கிடையாது. விக்கிறவங்களுக்கு இஸ்ரேல் தொல்பொருள் ஆணையத்தோட லைசென்ஸ் வேணும், நாட்டை விட்டு வெளிய கொண்டு போக தனியா எழுத்துல அனுமதியும் வேணும். கடைக்காரன் அடிச்சுத் தர்ற சர்டிபிகேட் வெறும் பேப்பர். ஏற்றுமதி அனுமதி எங்கன்னு கேட்டதுக்கு அந்த ஆளு சொன்னது, "ஹேண்ட்பேக்ல போட்டுக்கங்க, யாரும் கேக்க மாட்டாங்க". அது அசலா இருந்து ஏர்போர்ட்ல பிடிச்சிருந்தா மாட்டுறது நாமதானே, அவனா?

கண்ணாடி ஆசை இருந்தா எருசலேமுக்குத் தெக்க இருக்கிற ஹெப்ரோன் ஊர்ல இன்னைக்கும் ஊதிச் செய்யுறாங்க, புதுசுன்னு சொல்லியே விக்கிறாங்க, அழகா இருக்கும், அதை வாங்குங்க.

அந்தக் கடைக்காரனுக்குப் போட்டோவோட வாட்ஸ்அப் பண்ணினேன். கெமிக்கல் போட்டு நீங்களே கெடுத்துட்டீங்கன்னு ஒரு பதில், அப்புறம் பிளாக். கைடு போனே எடுக்கல. கார்டு பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், அது போலின்னு நிபுணர் கிட்ட லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்றாங்க.