திருநர் அடையாளச் சான்றிதழ் இணையச் சேவை: சேலம் மாவட்டத்தவர் கவனிக்க வேண்டியவை

2020 நவம்பரில் தொடங்கிய இந்தத் தேசிய இணையதளத்தால், ஆத்தூரிலோ ஏற்காட்டிலோ இருப்பவர் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடக்காமல் மொபைலிலேயே விண்ணப்பிக்கலாம். சான்றிதழில் கையெழுத்திடுபவர் மாவட்ட ஆட்சியர். 2020-ல் வந்த விதிகள், உறுதிமொழிப் பத்திரம் போதும், மருத்துவப் பரிசோதனை தேவையில்லை, 30 நாளில் சான்றிதழும் அட்டையும் தர வேண்டும் என்றன. சேலத்துத் திருநங்கை பிரித்திகா யாஷினி போலீஸ் எஸ்.ஐ. ஆவதற்கு 2015-ல் உயர் நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்ததை நினைத்தால், இது சின்ன விஷயமில்லை.

விண்ணப்பம் பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். பிறந்தபோது வைத்த பெயர், விரும்பும் பெயர் இரண்டையும் கேட்பார்கள். இனிஷியல் ஆதாரில் பின்னால், மார்க்‌ஷீட்டில் முன்னால், ரேஷன் கார்டில் அப்பா பெயராக விரிந்து என்று ஆளுக்கொரு விதமாக இருக்கும். பழைய பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். புதுப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை முதலிலேயே முடிவு செய்து, உறுதிமொழிப் பத்திரத்திலும் அதையே போடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பான் கார்டு, பாஸ்போர்ட், வங்கி என்று எல்லா இடத்திலும் இடிக்கும். பத்திரத்தின் வாசகத்தை இணையதளத்தில் அன்றைக்கு இருக்கும் படிவத்தைப் பார்த்து அடியுங்கள், பழைய நகலை நம்ப வேண்டாம்.

அடுத்தது முகவரி. மாவட்டத்தில் தொடர்ந்து 12 மாதம் வசித்திருக்க வேண்டும் என்கிறது விதி. வீட்டைவிட்டு விரட்டப்பட்டவருக்கும், ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீட்டில் தங்கியிருப்பவருக்கும் இதற்கு ஆதாரம் காட்டுவது கடினம். இந்தச் சேவையின் பெரிய குறை இதுவே.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பாலினத்தை மாற்ற ஆதார் மையத்துக்கு ஓடாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் கிடைக்கும் சான்றிதழ் 'திருநர்' என்று மட்டுமே சொல்லும். 'ஆண்' அல்லது 'பெண்' என்று வேண்டுமானால் பாலின மாற்றச் சிகிச்சைக்குப் பின் மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் சான்றோடு 7-ஆம் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தர 15 நாள் கெடு. ஆதாரிலோ பாலினத்தை ஒரே முறைதான் மாற்றலாம் என்பது பொது விதி. சிகிச்சை சீக்கிரம் நடக்கவிருந்தால் பெயரை மட்டும் இப்போது மாற்றிக்கொண்டு, பாலினத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. இல்லையென்றால் ஆதாரின் பெங்களூர் மண்டல அலுவலகத்துக்கு மனுப்போட்டு மறுபடி காத்திருக்க நேரும்.

நம் சினிமாவில் புடவை மாறும் காட்சியோடு பெயரும் மாறிவிடுகிறது. சான்றிதழுக்காகக் காத்திருக்கும் இந்த மாதங்கள் வருவதே இல்லை. ஆணாக வாழும் திருநம்பிகள் திரையிலேயே அரிது. அதனாலோ என்னவோ, இந்த அட்டை திருநங்கைகளுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. 2020 விதிகளில் இருவருக்கும் ஒரே படிவம்தான்.

விண்ணப்ப எண்ணைப் பத்திரப்படுத்துங்கள், நிலையைப் பார்க்க அது வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு 90 நாள் உண்டு.