ஆஸ்திரேலியா பிஆர் மெடிக்கல்: விசா போடுறதுக்கு முன்னாடியா, அப்புறமா?

முன்னாடியே பண்றதுன்னா இம்மி அக்கவுண்ட்ல (ஆஸ்திரேலியா விசாவுக்கான ஆன்லைன் அக்கவுண்ட்) மை ஹெல்த் டிக்ளரேஷன்ஸ்ங்கற ஃபார்ம ஃபில் பண்ணி ஆளுக்கொரு ஹேப் ஐடி (மெடிக்கலுக்கான நம்பர்) எடுத்து பேனல் டாக்டர்கிட்ட (ஆஸ்திரேலியா அரசு அங்கீகரிச்ச டாக்டர்) போகணும். இல்லன்னா அப்ளிகேஷன் போட்டு இமிக்ரேஷன்ல கேட்டதும் பண்ணலாம். டெஸ்ட் ரெண்டுலயும் ஒண்ணுதான்: 11 வயசுல இருந்து நெஞ்சு எக்ஸ்ரே, 15ல இருந்து எச்ஐவி டெஸ்ட், இந்தியால இருந்து போற 2 முதல் 10 வயசு குழந்தைங்களுக்கு டிபி ஸ்க்ரீனிங்.

முன்னாடி பண்ணா கேஸ் ஆஃபீசர் ஃபைல எடுக்கும்போது ரிசல்ட் ரெடியா இருக்கும், எக்ஸ்ரேல ஏதாவது தெரிஞ்சு டிபியான்னு பாக்க சளி டெஸ்ட் கேட்டாலும் (கிருமி வளருதான்னு பாக்குற கல்ச்சர் ரிசல்ட் வரவே வாரக்கணக்கா ஆகும்ங்க) விசா டைம் வீணாகாது. ஆனா ரிசல்ட் பொதுவா 12 மாசம்தான் செல்லும், ஃபைல் இழுத்துச்சுன்னா மொத்த குடும்பமும் திரும்ப காசு கட்டி நிக்கணும், ஸ்கில்டு விசாவுக்கு அப்ளை பண்ணச் சொல்லி வர்ற இன்விடேஷனே வரலன்னா அந்த காசும் போச்சு.

என்னைக் கேட்டா ஸ்கில்டு விசாவுக்கு இன்விடேஷன் கைல வந்தப்புறம், அப்ளை பண்றதுக்கு முன்னாடி முடிச்சிடுங்க. வருஷக்கணக்கா இழுக்குற பேரண்ட் விசாவுக்கெல்லாம் கேக்குற வரைக்கும் சும்மா இருக்கறது நல்லது. வீட்ல யாராவது கர்ப்பமா இருந்தா எக்ஸ்ரேவ பிரசவத்துக்கு அப்புறம் தள்ளி வைக்கலாம், அதனால அவங்களும் அவசரப்பட வேணாம்.